நண்டுச் சந்தில் எனக்கொரு பாட்டு

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெனாவிதெஸ் சார் எங்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுத்தபோது நான் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை வெளேரென்ற ஷூ. எங்கள் துறைமுகக் குடிசைப் பகுதியான தோண்டோவில் ஒரே ஒரு நாள் நடந்திருந்தாலும் அது அந்த நிறத்தில் இருந்திருக்காது.

"கம்மலைக் கழட்டி வெச்சிட்டுப் போங்க. போனைக் கையில பிடிச்சுக்கிட்டு நடக்காதீங்க. யாரையும் கண்ணுக்கு நேரா பாக்காதீங்க" என்று அடுக்கிக்கொண்டே போனார்.

கண்ணைப் பார்க்காமல் காசநோய் மாத்திரையை எப்படி விழுங்க வைப்பது என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

எனக்கென்று சில விதிகள் உண்டு. துறைமுகத்துப் பின்சந்துகளில் வீடு வீடாகப் போய் மருந்து கொடுப்பவள் நான். சந்து முனைக் கடைக்காரியிடம் பேசாமல் எந்தச் சந்துக்குள்ளும் நுழைய மாட்டேன். வேகமாக நடக்க மாட்டேன். வேகமாக நடப்பவளைப் பார்த்தால் நாய்க்கும் துரத்தத் தோன்றும், மனுஷனுக்கும் தோன்றும். பிள்ளைகள் விளையாடுகிற சந்தில் பயமில்லை. பிள்ளைகள் திடீரென்று காணாமல் போனால் அடுத்த நிமிடம் கும்பல் சண்டைக்கு இரும்பு அம்பும் கவணும் வெளியே வரும், திரும்பிவிட வேண்டும்.

இந்தக் கடைசி விதி மட்டும் நண்டுச் சந்தில் செல்லுபடியாகவில்லை. நான் அதற்குள் காலை வைத்தால் போதும், பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், கதவுகள் வரிசையாகச் சாத்திக்கொள்ளும். அப்புறம் ஒன்றுமே நடக்காது. நான் போவேன், அங்கே இருக்கும் என் நோயாளி சிசோவுக்கு மாத்திரை கொடுப்பேன், வருவேன். ஏன் இப்படி என்று மண்டை குடைந்துகொண்டே இருந்தது.

பெனாவிதெஸ் சார் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "நீங்க உள்ள போகும்போது எங்கயாச்சும் கதவைச் சாத்தறாங்களா?"

"ஆமா சார்! நண்டுச் சந்துல நான் போனாலே சாத்திடுவாங்க. ஏதோ பேய் வந்த மாதிரி" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும். அடுத்த வாரத்திலிருந்து நான் அந்தச் சந்துக்குள் தனியாகப் போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. துணைக்கு வட்டாரக் காவலாள் இலுமினாதோ அண்ணன்.

இலுமினாதோ அண்ணனைப் பற்றித் தவறாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நல்ல மனுஷன். தொந்தி, தடி, விசில், இந்த மூன்றும் அவருக்கு முன்னால் போகும், அவர் பின்னால் வருவார். எனக்குக் காவல் என்று பேர், ஆனால் இருட்டான திருப்பத்தில் "நீ முன்னாடி போம்மா" என்பார்.

சிசோ வீட்டு வாசலில் மட்டும் அவருக்கு வீரம் வந்துவிடும். கதவுக்கு நேராக நின்று விசிலை ஊதி, "மருந்து குடுக்கற பொண்ணு நேனிதா உள்ள இருக்கு! யாரும் கிட்ட வராதீங்க!" என்று கத்துவார். யாருமே இல்லாத சந்தில்.

முதல் நாள் சிசோ மாத்திரையை வாங்கி விழுங்கினான், முகம் மட்டும் செத்திருந்தது. மறுநாள் ஆளைக் காணோம். அதற்கு மறுநாளும் பூட்டு.

சிசோ மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுகிறவன். மாதக்கணக்கில் மருந்து தின்று, இருமல் நின்று, உடம்பில் சதை பிடித்திருந்தான். அவனால் இனி யாருக்கும் காசநோய் ஒட்டாது. இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. இந்த இடத்தில் நிறுத்தினால் நோய் கொம்பு முளைத்துத் திரும்பி வரும், அப்போது இந்த மாத்திரையெல்லாம் அதற்கு மிட்டாய். அப்படிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவன் எதற்கு ஓடுகிறான்? சந்து எதற்குக் கதவைச் சாத்துகிறது? இரண்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்று எனக்குத் தோன்றியது. இலுமினாதோ அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சந்து முனைக்கு எதிரே, சர்க்கரை பூசிய வாழைப்பழத்தைப் பொரித்துக் குச்சியில் குத்தி விற்கிற கடையில் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து பாசிங் அக்காவின் பெட்டிக்கடை நன்றாகத் தெரியும். கடை வாசலில் காசு போட்டால் பாடவிடும் பாட்டுப் பெட்டி. அதில் பாதி நேரம் பாடுவது பாசிங் அக்காவேதான், தொண்டை கட்டிய குரலில், குரல் உச்சிக்குப் போகும் இடமெல்லாம் விட்டுவிட்டு.

முதலில் ஐஸ் விற்பவன் வந்தான். பாட்டு இல்லை. அவன் பாட்டுக்குப் போனான்.

தண்ணீர் மீட்டர் பார்ப்பவன் வந்தான். பாசிங் அக்கா எழுந்து ஒரு அணிவகுப்புப் பாட்டைப் போட்டாள். சந்துக்குள் எட்டிப் பார்த்தேன். திருட்டுத் தண்ணீர் எடுத்த ரப்பர் குழாய்கள் எல்லாம் பாம்பு மாதிரி வீடுகளுக்குள் நழுவிக்கொண்டிருந்தன!

பழம் வாயிலேயே நின்றுவிட்டது. சாயங்காலம் போலீஸ் மோட்டார் சைக்கிள் வந்தபோது ஒரு அழுமூஞ்சிக் காதல் பாட்டு வந்தது, பணம் வைத்துச் சீட்டாடியவர்கள் மறைந்தார்கள், சண்டைச் சேவல்கள் சட்டைக்குள் போயின.

ஆளுக்கொரு பாட்டு! அப்படியென்றால் எனக்கு? யோசித்தேன். நான் நுழையும்போதெல்லாம் ஒரு படகுப் பாட்டு கேட்கும். அக்காவுக்கு அது பிடிக்கும்போல என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், மடச்சி.

நேராக அவளிடமே போய்க் கேட்டேன். "அக்கா, எனக்கு எதுக்கு அந்தப் படகுப் பாட்டு?"

"என்ன பாட்டுடி? எனக்குத் தோணினதைப் பாடறேன். உனக்கு வேணும்னா காசு போட்டுப் பாடு" என்று சோப்புப் பொட்டலத்தை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

அவள் சொல்லாவிட்டால் என்ன? சந்துக்கு இன்னொரு வழி உண்டு, சாக்கடை ஓரமாக. மறுநாள் உத்தரவையும் மீறி, அந்த வழியாகத் தனியாக நுழைந்தேன். பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். பாடம் எடுத்த சார் சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது.

பாட்டு இல்லாத நண்டுச் சந்தை அன்றுதான் பார்த்தேன். ஒருத்தி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் செருப்பை எறிந்து விளையாடினார்கள். பல்லில்லாத கிழவர் ஒருவர் நாற்காலி போட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்துத் திகைத்தார்கள். அந்தத் திகைப்பில் பகை இல்லை, சட்டை போடாதபோது விருந்தாளி வந்துவிட்டால் வருமே, அந்தக் கூச்சம்தான் இருந்தது.

யாரோ ஒரு பிள்ளை முனைக்கு ஓடியது. படகுப் பாட்டு எழுந்தது. சொல்லி வைத்தாற்போலப் பிள்ளைகள் உள்ளே போனார்கள், கதவுகள் சாத்திக்கொண்டன. கிழவரால் மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. நாற்காலியைத் தரதரவென்று திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார், கையில் சீட்டோடு.

நான் அவர் முதுகிடம் கேட்டேன். "தாத்தா, எதுக்குத் திரும்பிட்டீங்க? என்னைக் கண்டா பயமா?"

"பயமா? உன்னைக் கண்டா? போம்மா" என்று சுவரைப் பார்த்துச் சிரித்தார். "நான் உன்னைப் பாக்கல. நீ எந்த வீட்டுக்குப் போறேன்னும் பாக்கல. யாரும் பாக்கல. போயி உன் வேலையப் பாரு."

"எந்த வீடுன்னு உங்களுக்கெல்லாம் தெரியாதா?"

"தெரியாம என்ன? தெரியறது வேற, பாக்கறது வேற. தெரிஞ்சதை மறந்துட்டேன்னு சொல்லிக்கலாம். பாத்ததை எப்படிச் சொல்றது? நீ என்னடான்னா அந்தத் தொந்திக்காரனைக் கூட்டிட்டு வந்து, வாசல்ல நிறுத்தி விசில் ஊதற."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் சந்துகளில் சாயங்காலம் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து குடிப்பார்கள், ஒரே கோப்பை, ஒருவன் ஊற்றுவான், கை மாறி மாறிச் சுற்றும். காசநோய் என்று வெளியே வந்துவிட்டால் கோப்பை அவனைத் தாண்டிப் போகும். அது ஒரு முறை தாண்டிவிட்டால் அப்புறம் வேலை தாண்டும், பெண் தாண்டும். எனக்கு ஆபத்து என்று நான் சிரித்துச் சொன்ன அந்தச் சாத்திய கதவுகள்தான் சிசோவுக்கு இத்தனை மாதமும் காவலாக இருந்திருக்கின்றன.

சிசோவைப் பிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. சந்தை அருகே சைக்கிளோடு நின்றிருந்தான். என்னைக் கண்டதும் மிதிக்கப் போனான். நான் பின் இருக்கையில் ஏறிக் குடையை மடக்கினேன்.

"ஏறிட்டேன். இப்ப எங்க ஓடினாலும் என்னையும் இழுத்துக்கிட்டுத்தான் ஓடணும்."

மிதித்துக்கொண்டே, திரும்பாமலே சொன்னான். "கோப்பை என்னைத் தாண்டிப் போச்சுக்கா. ஊத்தினவன் என் மூஞ்சியப் பாக்கல."

"தெரியும்டா. என் வாயாலதான் வந்தது. இனிமே இலுமினாதோ அண்ணன் உன் வாசலுக்கு வரமாட்டார்."

"ஆபீஸ்ல விடுவாங்களா?"

"அது என் பாடு. நாளைக்கு வீட்டுல இரு. இப்ப வாயைத் திற."

நடுத்தெருவில், மீன் வண்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே சைக்கிளை நிறுத்தி மாத்திரையை விழுங்கினான். பின்னாலிருந்தவன் ஹாரனை அமுக்கி எங்கள் இருவருடைய பரம்பரையையும் திட்டினான்.

மறுநாள் இலுமினாதோ அண்ணனைப் பாசிங் அக்கா கடையில் உட்கார வைத்தேன். கடை சந்துக்குள்தான் இருக்கிறது, ஆகவே அவர் என்னோடு சந்துக்குள் வந்தாயிற்று. உத்தரவில் பொத்தல் இல்லை. பாசிங் அக்கா அவர் விசிலைப் பிடுங்கி மிட்டாய் ஜாடியில் போட்டாள். "ஊதணும்னா இதுல ஊது" என்று மைக்கைக் கொடுத்தாள். அன்று படகுப் பாட்டை இரண்டு பேரும் சேர்ந்து கொலை செய்தார்கள். கதவுகள் சாத்திக்கொண்டன. எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு பிடித்திருந்தது. சிசோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

பல்லில்லாத கிழவர் ஒரு நாள் குடி வட்டத்தில் தானே ஊற்ற உட்கார்ந்தாராம். கோப்பை சிசோவிடம் நின்றது. பார்த்ததையும் மறக்க முடியும்போல, மூத்தவர் ஒருவர் முதலில் மறந்தால்.

சிசோவுக்கு மருந்து முடிந்தது. சளியில் கிருமி இல்லை. நண்டுச் சந்தில் எனக்கு வேலையும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் போனபோது கடையில் நின்றேன்.

"அக்கா, ஒரு தடவை என் பாட்டைப் பாடேன்."

"முடியலடி" என்று சொல்லித் துணியை வாயில் வைத்துக்கொண்டு இருமினாள். துணியைச் சட்டென்று மடித்தாள். மடிக்கும் முன் நான் பார்த்துவிட்டேன்.

யார் வந்தால் எந்தப் பாட்டு என்று துப்பறிந்தவள் நான். இருமல் என் தொழில். இத்தனை நாளும் அந்த உச்சிக்கு ஏன் அவளுக்கு மூச்சு எட்டவில்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லையே!

சோதனையில் நோய் இருந்தது. மருந்துக்குச் சம்மதித்தாள். ஒன்றை மட்டும் நினைத்து அழுதாள்.

"என் கடை முனையிலேயே இருக்கு. வந்து போறவன் எல்லாம் பாப்பான். அத்தனை பேருக்கும் நான் பாடினேன். எனக்கு யாருடி பாடுவா?"

அவளுக்கு நோய் என்று நான் யாரிடமும் சொல்ல முடியாது, என் தொழில் அப்படி.

மறுநாள் மருந்துப் பையோடு சந்தை நெருங்கும்போதே படகுப் பாட்டு கேட்டது. நான் சொல்லவில்லை, அவள் இருமலே சந்துக்குச் சொல்லியிருக்க வேண்டும். கடை பாதி சாத்தியிருந்தது. பாட்டுப் பெட்டி முன்னால் சிசோ நின்றுகொண்டிருந்தான், எனக்கு முதுகைக் காட்டி. பக்கத்தில் இலுமினாதோ அண்ணன் எதையோ தேடுவதுபோல மிட்டாய் ஜாடிக்குள் தலையை விட்டிருந்தார். கிழவரின் நாற்காலி சுவரைப் பார்த்திருந்தது. எதிரே பழம் பொரிப்பவள்கூட அடுப்புக்கு முதுகு காட்டி நின்றாள், பழம் கருகிக்கொண்டிருந்தது.

உச்சி வந்தது. பாசிங் அக்கா விட்டுவிடும் இடம். சிசோ அதைப் பிடித்து, நெஞ்சு நிறைய மூச்சோடு நீட்டி நீட்டி நிறுத்தினான்.

நான் பக்கக் கதவைத் தட்டினேன். பாசிங் அக்கா திறந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"எருமை" என்றாள். "சுருதியே இல்ல."

மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.