துரையிடம் ஒரு கேள்வி

“ஏன்டி வாசல்லயே நிக்கிற? உள்ள என்ன புலியா உக்காந்திருக்குது?” என்றாள் வகுப்புத் தோழி கெஸியா.

“புலின்னா ஓடியாவது போயிரலாம்,” என்றாள் ராஜப்ரியா.

ஊட்டிக் கல்லூரியில் கடைசி வருட ஆங்கில வாய்மொழித் தேர்வு. போன தடவை ராஜப்ரியா இதில்தான் தவறினாள். இந்தத் தடவையும் தவறினால் பட்டம் கிடையாது; திருப்பூர் பனியன் கம்பெனிதான் என்று அப்பா சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. தேயிலை விலை விழுந்து, ஓவேலியில் அவர்கள் வேலை பார்த்த எஸ்டேட்டின் ஃபேக்டரி பூட்டிக் கிடந்தது.

“அவங்க கேட்டா பதில் சொல்லிருவேன். எல்லாம் மனப்பாடம். நாமளும் கேள்வி கேக்கணுமே, அதுதான்...”

“கேக்க வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“எங்க எஸ்டேட் லைன் வீடுங்கள்ல மேனேஜர் துரைகிட்ட யாருடி கேள்வி கேட்டா? துரை பேசுனா தலையாட்டணும், எஸ் சார்னு சொல்லணும். பொறந்ததுல இருந்து பழக்கம்.”

போன தடவை நடந்ததும் அதுதான். “ஏதாவது கேட்க வேண்டுமா?” என்றார் தேர்வாளர். எஸ் சார். “அப்படியானால் கேள்.” எஸ் சார். மணி அடிக்கும்வரை எஸ் சார்.

உள்ளே இந்தத் தடவை கோவையிலிருந்து வந்த கருணாகரன் தேர்வாளராக இருந்தார். பெயர், ஊர், படிப்பு என்று கேட்டார். பதில்கள் மடமடவென்று வந்தன. பிறகு அவர் சாய்ந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொன்னார்:

“இப்போது நான் உங்கள் எஸ்டேட் மேனேஜர். நீ தொழிலாளி வீட்டுப் பெண். என்னிடம் கேட்க வந்திருக்கிறாய். கேள்.”

அவளையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள்.

“உட்கார். கேள்.” உட்கார்ந்தாள்.

“எஸ் சார்.”

“என்ன எஸ்?”

“எஸ் சார்.”

அவர் பேனா மூடியைத் திருகினார். திருப்பூர் கண்முன்னால் வந்து நின்றது. துரையிடம் கேட்க அவளிடம் என்னதான் இருக்கிறது? ஒன்றே ஒன்று இருந்தது. லைன் முழுக்க ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு, துரையிடம் மட்டும் யாரும் கேட்காதது.

“ஃபேக்டரியை எப்போது திறப்பீர்கள், சார்?” ஆங்கிலத்தில்தான் கேட்டாள்.

“விலை ஏறியதும்,” என்றார் அவர், துரையின் மிடுக்கோடு.

தலை தானாக ஆடப் பார்த்தது. கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

“எப்போது ஏறும், சார்?”

“அது... சொல்ல முடியாது.”

“அதுவரை நாங்கள் என்ன செய்வது, சார்?”

கருணாகரனின் மிடுக்கு எங்கோ போய்விட்டது. மதிப்பெண்ணைப் போட்டார். “போதும் அம்மணி, பாஸாயிட்ட. வெளிய போலாம்,” என்றார் தமிழில்.

ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

“நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லையே, சார்,” என்றாள், ஆங்கிலத்திலேயே.