சொல்வழியன் பிறந்த சனிக்கிழமை

என் கதையில் ஆராவது கைவைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். முகத்துக்கு நேரேயே கேட்டுவிடுவேன். அன்றைக்கும் கேட்டேன்.

"மாஸ்ரர், உங்களுக்கு என்ன விசரே? 'தன்னியக்க மானுடவுருப் பொறி அழுதது' எண்டு அடிச்சு வைச்சிருக்கிறியள். பொறி அழுமே? வாசிக்கிறவன் விழுந்து விழுந்து சிரிக்கப் போறான்!"

கனகலிங்கம் மாஸ்ரர், தான் ரைப் அடித்துக் கொண்டுவந்த ஸ்ரென்சில் தாள்களை என் மேசையில் பக்குவமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. யுத்தத்தால் எங்கள் பக்கம் சாமான் வரத் தடை. கரண்ட் இல்லை, பற்றறி இல்லை, பெற்றோல் மருந்துக்குத்தான். விஞ்ஞானக் கதைப் பைத்தியம் மட்டும் எங்கள் மூன்று பேரையும் விட்டுப்போகவில்லை. மாஸ்ரர் புத்தூரில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவர். 'வான்படலை' என்ற எங்கள் சஞ்சிகைக்கு ஆசிரியர். குருநகர் அடைக்கலநாதன், கடலுக்குப் போகத் தடை வந்த நாளிலிருந்து புத்தகமும் கையுமாகத் திரிந்தவன். நான் பியாட்றிஸ், உடுவிலில் கணக்கு ரீச்சர். சனிக்கிழமைகளில் என் வீட்டில் கூடுவோம். ஸ்ரென்சிலில் ரைப் அடித்ததைக் கொப்பித் தாளில் றோனியோ மெசினால் படியெடுத்துத்தான் சஞ்சிகை வரும்.

எங்களுக்குள் ஒரு பாஷையும் வளர்ந்திருந்தது. இந்தக் கதைகளைக் கண்டால் முகம் சுளிக்கிறவர்கள் எல்லாரும் 'மண்காலிகள்'. எல்லாவற்றையும் போட்டுக் குழைத்த கதை 'புக்கை'. கூட்டத்துக்குப் பிந்தி வருகிறவர் 'ஒளியாண்டு'. ஐயோ, ஒளியாண்டு தூரமப்பா, நேரமில்லை என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

புதுச் சொல்லைச் சேர்க்க எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வாக்கெடுப்பு கிடையாது. சொல்லை உண்டாக்கியவரல்லாத வேறொருவரின் வாயில், கூட்டத்துக்கு வெளியே, யோசிக்காமல் அது வரவேண்டும். 'மண்காலி' நான் உண்டாக்கிய சொல். அடைக்கலநாதன் கோயில் வாசலில் தன் மச்சானை அப்படி ஏசிய அன்றுதான் அது சஞ்சிகையில் ஏறியது.

என் புதுக்கதையில், செவ்வாயில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற இயந்திர ஆள் ஒருவன் வருகிறான். சொன்னதெல்லாம் செய்வான். எங்கள் அம்மாமார் நாள் முழுக்கச் 'சொல்வழி கேள், சொல்வழி கேள்' என்று பிள்ளைகளைப் பேசுகிறார்களே, அதிலிருந்து அவனுக்குச் 'சொல்வழியன்' என்று பேர் வைத்தேன். கடைசியில் கிணறு வற்றிப்போக, அவன் தனியே நின்று அழுகிறான். அந்த இடத்துக்காகத்தான் முழுக்கதையும் எழுதினேன். அதையல்லவா இந்த மனிசன் பொறியாக்கி வைத்திருந்தார்!

"ரீச்சர், வழக்கம் வழக்கம்தான்," என்றார் மாஸ்ரர். "உம்மடை சொல் உம்மடை வாயிலை மட்டும்தான் வருது. வேறை ஆர் சொன்னவை?"

"அடைக்கலம், நீர் சொன்னனீர்தானே?"

"கூட்டத்துக்குள்ளைதான் சொன்னனான், ரீச்சர்," என்று அவன் தலையைச் சொறிந்தான். உண்மை பேசுகிறவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாஸ்ரர் தாள்களைச் சுருட்டிப் பையில் வைத்தார். மத்தியானத்துக்குள் பட்டணத்தில் றோனியோ மெசின் வைத்திருந்தவரிடம் கொடுக்கவேண்டும். கொடுத்தால் முடிந்தது, என் சொல்வழியன் பொறியாகவே அச்சாகிவிடுவான். நான் தேத்தண்ணியும் கொடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாஸ்ரரின் மோட்டார் சைக்கிள் வாசல் படலைக்கு வெளியே ஒழுங்கையில் நின்றது. எல்லாருடையதையும் போல அதுவும் மண்ணெண்ணெயில்தான் ஓடும். கிளப்புவதற்கு மட்டும் சின்னப் போத்தலிலிருந்து இரண்டு துளி பெற்றோல் விடவேண்டும். விட்டார். உதைத்தார். கறுப்புப் புகை ஒழுங்கை முழுவதும் பரவியது. திரும்ப விட்டார், திரும்ப உதைத்தார். வேட்டி அவிழப் பார்த்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு பாய்ந்து உதைத்தார். இயந்திரம் ஒரு தரம் இருமிவிட்டு அடங்கியது.

"சனியனே! எத்தினை தரம் உதைச்சாச்சு! சொன்னதைக் கேக்கமாட்டியே? நீயும் ஒரு சொல்வழியனே?"

மாஸ்ரர் தூக்கிய காலைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"மாஸ்ரர்," என்றான் அடைக்கலநாதன் மெல்ல, "இப்ப என்ன சொன்னனீங்கள்?"

"நான் மோட்டார் சைக்கிளையெல்லோ ஏசினனான்!"

"படலைக்கு வெளியிலை நிண்டு. யோசிக்காமல்."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மக்டலீன் அக்கா வேலியால் எட்டிப் பார்த்தா. மாஸ்ரர் என்னைப் பார்த்தார், மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், பிறகு தானும் சிரித்துவிட்டார்.

"சரி, தோத்துப்போனன். ஆனால் எப்பிடித் திருத்திறது? ஊரெல்லாம் தேடினாலும் வேறை ஸ்ரென்சில் இல்லை. திருத்திற திரவமும் முடிஞ்சுது."

நான் உள்ளே ஓடினேன். தங்கச்சியின் கலியாணத்துக்கு வாங்கி, பொத்திப் பொத்தி வைத்திருந்த சிவப்புக் கியூட்டெக்ஸ் நகப்பூச்சைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். பிழையான எழுத்தின்மேல் அதைப் பூசிக் காயவிட்டு, மேலே திரும்ப அடிக்கலாம். சோதனைத் தாள் அடிக்கிற ரீச்சர்மார் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். அடைக்கலநாதன் தன் சைக்கிளின் பின்னால் மாஸ்ரரை ஏற்றிக்கொண்டு, ரைப்ரைற்றர் இருந்த அவருடைய புத்தூர் வீட்டுக்கு மிதித்தான். அடுத்த கிழமை முழுக்க, நகத்தில் சிவப்பு எப்படி வந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் மாஸ்ரர் எரிந்து விழுந்தாராம்.

சஞ்சிகை வந்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். நீளமான பேரை அழித்த இடத்தில் குட்டிச் சொல்லை அடித்ததால், இரண்டு பக்கமும் வெற்றிடம் விழுந்திருந்தது. அந்த வெள்ளைக்கு நடுவில் என் சொல்வழியன், வற்றிய கிணற்றடியில் நிற்கிறவனைப் போலத் தன்னந்தனியே நின்று அழுதான்.

பக்கத்தின் அடியில் மாஸ்ரர் ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்: 'சொல்வழியன்: சொன்னதைக் கேட்பவன். சில வேளைகளில் கேளான்.'

என்னைக் கேளாமல் என் கதையில் ஒரு எழுத்தும் சேர்க்கக்கூடாது என்று அவரோடு எத்தனையோ தரம் சண்டை பிடித்திருக்கிறேன். அன்றைக்கு அந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன்.