வைத்தவன் நிமிரும்வரை

கழுத்தும் தோளும் சேரும் இடத்தில், நூல் மூட்டை ஏறி ஏறிக் காய்த்துப்போன தடிப்பு ஒன்று சமுத்திரத்துக்கு உண்டு. அந்தத் தடிப்பு வலிக்காது. அதைச் சுற்றியுள்ள சதைதான் வலிக்கும். அன்று காலை அவனால் தலையை இடப்பக்கம் திருப்ப முடியவில்லை. மில் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் இடப்பக்கமிருந்து கூப்பிட்டபோது, உடம்போடு திரும்பித்தான் பார்த்தான்.

"ஏலே, ஸ்ரீவில்லிபுத்தூர் டீச்சரம்மா ஃபோன்ல இருக்காவ. வெளிநாட்டுச் சங்கதியாம்."

ராஜபாளையம் நூல் மில்லில் லோடுமேனுக்கு வெளிநாட்டுச் சங்கதி என்பதே வாட்ச்மேனுக்கு ஒரு நாள் முழுக்கச் சிரிக்கப் போதுமானது. சமுத்திரம் ஃபோனை வாங்கினான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் சம்சாத் பேகம் பேசினாள். "சமுத்திரம் அண்ணே, பின்லாந்துக்காரர் எழுதிட்டாரு. நம்ம ஆட்டத்துல ஓட்டை இருக்காம். மொதல்ல காய் வைக்கிறவந்தான் எப்பவும் ஜெயிக்கானாம். எப்படின்னு காய் காயா எழுதியே காட்டிட்டாரு. இன்னைக்குச் சாயங்காலம் மூணரைக்குள்ள சரிபண்ணி அனுப்பலைன்னா பட்டியல்ல இருந்து எடுத்துருவாவளாம்."

"நம்ம ஷெட்டுல அப்படி ஆகலையே டீச்சரம்மா. ரெண்டாவதா வைக்கிற சங்கிலிப்பாண்டி என்னைய எத்தனை தடவை கவுத்திருக்கான்."

"எனக்கும் அதான் புரியலை. அவர் எழுதினதைச் சொல்லுதேன், குறிச்சுக்கோங்க."

வாட்ச்மேனிடம் பேனா இல்லை. சமுத்திரம் தலையிலேயே குறித்துக்கொண்டான். அது அவனுக்குக் கஷ்டமில்லை. அந்தக் கட்டங்களுக்குள்தான் அவன் இரண்டு வருஷமாகக் குடியிருந்தான்.

ஆட்டத்தின் பெயர் அட்டி. குடோனில் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்கு அதுதான் பெயர். லாரி வராத நேரத்தில் அவனும் கூட மூட்டை தூக்கும் சங்கிலிப்பாண்டியும் ஷெட்டின் சிமெண்டுத் தரையில் கரியால் கட்டம் போட்டு உண்டாக்கியது. ஒருவனுக்கு சோடா மூடி, மற்றவனுக்கு ஜல்லிக்கல். ஒரு முறைக்கு ஒரு காய். காலிக் கட்டத்தில் வைக்கலாம். தன் காயை அண்டி எதிராளி காய் இருந்தால் அதன்மேல் புதிதாக ஒன்றை ஏற்றி அமுக்கலாம். அமுங்கியது செத்தது. ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைவரை தன் காய்களை விடாமல் சேர்த்தவன் ஜெயித்தான். இதை இப்படிக் கொண்டுவர எத்தனையோ கட்டங்களை அழித்துப் போட்டார்கள். சில நாள் சண்டையும் போட்டார்கள்.

போன வருஷம், அதாவது தொண்ணூற்றெட்டில், சம்சாத் பேகத்தின் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பெட்டி இறக்கப் போன சமுத்திரம், அவள் ஏதோ ஒரு நாட்டுக்காரனோடு ஈமெயிலில் செஸ் காய் நகர்த்துவதைப் பார்த்துவிட்டுக் கூலி வாங்க மறந்து நின்றான். "இதுல நம்ம ஆட்டத்த ஏத்த முடியுமா?" என்று கேட்டான். அவள் சிரிக்கவில்லை. முதலில் எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றாள். பிறகு விதிகளை இங்கிலீஷில் எழுதினாள். புது ஆட்டங்களைப் பல நாட்டுக்காரர்கள் ஆடிப் பார்த்துச் சோதிக்கும் ஒரு குழுவுக்கு அனுப்பினாள். அந்தக் குழுவில் ஒருவர்தான் பின்லாந்துக்காரர். தேறினால் அவர்களுடைய இணையப் பக்கத்தில் ஆட்டம் ஏறும். யார் வேண்டுமானாலும் ஆடலாம். காசு கிடையாது.

சமுத்திரத்துக்கு வேண்டியதும் அவ்வளவுதான். அவனை அறியாத ஒருவன், அவன் உண்டாக்கினதை உட்கார்ந்து ஆட வேண்டும். அவன் தூக்கிய மூட்டை ஒன்றுகூட அவனுடையதில்லை. இது அவனுடையது.

டீக்கு விட்ட நேரத்தில் சங்கிலிப்பாண்டியை இழுத்து உட்காரவைத்தான்.

"ஏலே, நான் வெள்ளைக்காரன் மாதிரி ஆடுதேன். நீ எப்பவும்போல ஆடு."

"அப்ப தொப்பி எங்க?"

"வெளையாடாதலே. ஆட்டமே போகப்போகுது."

சமுத்திரம் நடுக்கட்டத்தில் சோடா மூடியை வைத்தான். சங்கிலிப்பாண்டி வழக்கம்போல அதை மறித்துப் பக்கத்தில் கல்லை வைத்தான். அவன் கை கல்லை விட்டதும், பின்லாந்துக்காரர் எழுதியிருந்தபடி சமுத்திரம் அதன்மேல் மூடியைக் கவிழ்த்தான்.

புறங்கையில் சுளீர் என்று ஓர் அடி விழுந்தது.

"என்ன பழக்கம்லே இது? வச்சவன் இன்னும் நிமிரலை. அதுக்குள்ள மேல ஏத்துத?"

சமுத்திரம் கையைத் தடவவில்லை. கவிழ்த்த மூடியையே பார்த்தான்.

குடோனில் அட்டி போடும்போது, மூட்டையை வைத்தவன் விரலை உருவிக்கொண்டு நிமிர்ந்து நகரும்வரை அதன்மேல் அடுத்த மூட்டையை எவனும் போடமாட்டான். போட்டால் விரல் நசுங்கும். வேலைக்கு வந்த முதல் நாளே இது உடம்பில் ஏறிவிடும். யாரும் இதை விதி என்று சொல்வதில்லை. இருமும்போது வாயைப் பொத்துவதுபோல. அந்த மரியாதையோடேதான் அவர்கள் ஆட்டத்தையும் ஆடி வந்திருக்கிறார்கள். புதிதாக வைத்த காயை உடனே அமுக்குவது என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தோன்றியதில்லை. தோன்றாததை டீச்சரம்மாவிடம் எப்படிச் சொல்வது?

"அவங்க ஆடுனது சரிதாம்லே," என்றான் சமுத்திரம். "நாமதான் சொல்லல. மொதல்ல நடுவுல வச்சவன், அண்டி வாரத பூராம் அப்பப்ப அமுக்கிட்டா எவன் நிப்பான்?"

"அப்ப போய்ச் சொல்லு."

"ஃபோன்ல சொல்லுத விஷயமில்ல. ஆடிப் பாக்கணும். இந்த விதியச் சேத்தா வேற எங்கயாவது புட்டுக்கும்."

மத்தியானம் தூத்துக்குடி லாரி. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வரட்டுமா என்று சமுத்திரம் கேட்டதும் மேஸ்திரி தங்கச்சாமி முகத்தைச் சுளித்தார்.

"லோடு அன்னைக்கு ஆள விடச் சொல்லுதியா? சோடா மூடிக்கா?"

சங்கிலிப்பாண்டி குறுக்கே வந்தான். "அவன் சுமையையும் நான் தூக்குதேன். அவன் பங்குக் கூலி அவனுக்கு. கடன் எனக்கும் அவனுக்கும்."

அந்தக் கும்பலில் அப்படி ஒரு முறை உண்டு. ஒருவன் அவசரத்துக்குப் போனால் அவன் சுமையை இன்னொருவன் தூக்குவான். கூலி மாறாது. பின்னால் ஒரு நாள், தூக்கியவன் வேலைக்கு வராதபோது, அவன் சுமையை இவன் தூக்கிக் கொடுக்க வேண்டும். காசாகத் தீர்க்க முடியாது.

"ஒனக்கு முதுகு தாங்குமாலே?" என்றான் சமுத்திரம்.

"ஒன் கழுத்தே திரும்ப மாட்டேங்கு. நீ தாங்குவியோ? போலே, பஸ்ஸு போயிரும்."

சம்சாத் பேகம் ஷார்ட்ஹேண்ட் வகுப்பை முன்கூட்டியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இதப் போயி சொல்லாம விட்டியளே! நானும் ஒங்ககூட ஆடியிருக்கேன். என் காய நீங்க ஒடனே அமுக்கினதே இல்ல. நான் ஏன்னு கேக்கவும் இல்ல."

"நீங்க அமுக்கலையா?"

"நீங்க அமுக்கல, நானும் அமுக்கல. ஆட்டமே அப்படித்தான்னு நெனச்சேன்." அவள் விசைப்பலகையை இழுத்தாள். "சரி. வச்சவன் நிமிர்றதுன்னா கம்ப்யூட்டர்ல எப்படி எழுத?"

"அவன் அடுத்த காய வச்சிட்டா நிமிர்ந்துட்டான்னு அர்த்தம்."

"அப்ப, வைத்தவன் தன் அடுத்த முறையை ஆடும்வரை அந்தக் காயை அமுக்கக் கூடாது." தட்டினாள். நிறுத்தினாள். "அண்ணே, கரை சேர்ற கடைசிக் காய வைக்கேன்னு வைங்க. அப்பவே ஜெயிச்சதா, இல்ல நிமிர்ந்த பொறவா?"

ஷெட்டில் அந்தக் கேள்வி வந்ததில்லை. கரை சேர்ந்ததும் "அட்டி!" என்று கத்துவான், மற்றவன் திட்டிக்கொண்டே காய்களைக் கலைப்பான்.

"ஆடித்தான் பாக்கணும்," என்றான் சமுத்திரம்.

மேஜையில் கட்டம் போட்டார்கள். கார்பன் பேப்பர் துண்டும் வெள்ளைத் துண்டும் காய். வைத்ததும் வெற்றி என்று ஆடினார்கள். அவள் முதலில் வைத்தாள், ஜெயித்தாள். இடம் மாற்றினார்கள். அவன் முதலில் வைத்தான், அவனும் ஜெயித்தான்.

"ஓட்டை இன்னும் இருக்குண்ணே. சின்னதாயிருக்கு, அம்புட்டுதான்."

"நிமிர்ந்த பொறவுதான்னு வைங்க. எதிராளிக்கு ஒரு முறை கிடைக்கட்டும். பழைய காயி எதையாவது அமுக்கி வரிசைய அறுக்க முடிஞ்சா அறுக்கட்டும்."

மறுபடி ஆடினார்கள். அவள் முதலில் வைத்துக் கரை சேர்ந்தாள். அவன் அவளுடைய பழைய காய் ஒன்றை அமுக்கி வரிசையை அறுத்தான். அங்கிருந்து அவனே சேர்த்தும்விட்டான். அடுத்ததில் அவன் முதலில் வைத்தான். அவள் அவனை அறுத்துத் தோற்கடித்தாள்.

"நடுவுல ஒக்காந்தா போதும்னு நெனச்சியளோ?" என்றாள்.

"பேச்சு பொறவு இருக்கட்டும். டைப் அடிங்க."

அடித்து முடித்தபோது சுவர்க் கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது. மோடம் கீச்சிட்டது, இரைந்தது, நின்றது. மறுபடி டயல் செய்தாள். என்கேஜ்டு. மறுபடி. லைன் கிடைத்து, பாதியில் அறுந்தது. சமுத்திரம் எழுந்து ஃபோன் வயர் சுவரில் சேரும் இடத்தைப் பார்த்தான். பிளக் தளர்ந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கழுத்து ஒரு பக்கமாகவே நிற்க, "இப்ப போடுங்க" என்றான். கை மரத்துப்போகும்வரை விடவில்லை.

போயிற்று. மூன்றரை இன்னும் ஆகவில்லை.

பதில் ஒரு மணி நேரம் கழித்து வந்தது. சம்சாத் பேகம் மெதுவாகப் படித்துத் தமிழில் சொன்னாள். "எங்கள் வழி இப்போது அடைபட்டுவிட்டது. வேறு வழி இருக்கிறதா என்று தேடுவோம். ஆட்டம் பட்டியலில் இருக்கும். அடுத்த மாதச் சுற்றில் ஆடத் தருகிறோம்."

"தேறிருச்சா?"

"இல்லண்ணே. வெளிய தள்ளல."

"அது போதும். தேடட்டும்."

மில்லுக்குத் திரும்பியபோது லாரி போயிருந்தது. சங்கிலிப்பாண்டி குடோன் வாசலில் குப்புறப் படுத்திருந்தான். தங்கச்சாமி அவன் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டம் இருக்காலே?" என்றான், தலையைத் தூக்காமல்.

"இருக்கு. அடுத்த மாசம் ஆடுதாவளாம்."

"நல்லது."

"நாளைக்கு ஒன் சுமைய நான் எடுக்கேன். நீ வீட்டுல கெட."

"வீட்டுல கெடந்து என்ன செய்ய? பொறவு பாப்போம்."

மறுநாள் சங்கிலிப்பாண்டி ஆறு மணிக்கே வந்துவிட்டான். அதன் பிறகும் ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் நிற்கவில்லை. அவன் நிற்காதவரை அந்தக் கடனைத் தீர்க்க வழியில்லை. சங்கிலிப்பாண்டிக்கு சமுத்திரம் தூத்துக்குடி லாரியின் ஒரு மத்தியானச் சுமை பாக்கி.