விளக்கின் உயரம்

பில்டர் ஒருவர் கட்டிவரும் நாற்பது வீடுகளுக்கும் எங்கள் கம்பெனியின் தொங்குவிளக்குகளை அவரை வாங்க வைத்தால்தான் என் வேலை நிலைக்கும். அதனால் மாதிரி வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே கண்ணாடி விளக்கு ஒன்றை, நானே நின்று அளவு பார்த்து மாட்ட வைத்தேன்.

மறுநாள் பில்டர் மனைவியோடு வந்தார். தரை துடைத்தவர்கள் மேசையை ஓரமாக நகர்த்தியிருந்தார்கள். பேசிக்கொண்டே நடந்த அந்த நெட்டை மனிதரின் நெற்றி விளக்கில் ‘டங்’கென்று இடித்தது; நெற்றியைப் பிடித்தபடி குனிந்து நின்றார்.

“யாரும்மா இதை இங்க மாட்டுனது?”

“நான்தான் சார். என் உயரத்துக்குச் சரியா இருந்துச்சு.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. என் கண்ணுக்கு எட்டுவதையே ஊருக்கெல்லாம் அளவாக வைத்திருந்திருக்கிறேன், விளக்கில் மட்டுமா?

வேலை போயிற்று என்று நின்றேன். அவர் மனைவியோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“இருபது வருஷமா இவர் யாருக்கும் குனிஞ்சதில்ல. இப்ப பாரேன், எவ்வளவு பவ்யமா நிக்கிறாரு!”

“நீ சும்மா இரு.” நெற்றியைத் தேய்த்தபடி பில்டர் அண்ணாந்து பார்த்தார். விளக்கில் ஒரு கீறல்கூட இல்லை. “கெட்டியாத்தான் இருக்கு. நாப்பது வீட்டுக்கும் ஒரு முழம் ஏத்தி மாட்டிடும்மா.”

“நாப்பத்தொண்ணு,” என்றார் மனைவி. “எங்க வீட்டுக்கும் ஒண்ணு. அதை மட்டும் ஏத்திடாதே.”