ஒரு தீக்குச்சி செலவு

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குள் அந்த பஸ் திரும்பும்போதே, ஜன்னல் வழியாக ஒரு துண்டு பறந்து உள்ளே விழும். துண்டு விழுந்த ஸீட்டில் அதற்கப்புறம் கலெக்டரே வந்தாலும் உட்கார முடியாது. அது ஹரிகிருஷ்ணன் துண்டு. அவர் பிடித்த இடம் வெங்கடேஸ்வரிக்கு.

"ஏறு தங்கச்சி, ஜன்னலோரம் போட்டுருக்கேன். ஒன் வக்கீல் குடுக்கிற சம்பளத்துக்குக் காத்தாவது மிஞ்சட்டும்."

சிரிப்பு. தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம் அது. பின் படிக்கட்டை ஒட்டிய வரிசைகள் அவர்களுக்குச் சொந்தம். ஜவுளிக் கடை சமுத்திரம், டீச்சர் கனகலட்சுமி, இன்னும் சில பேர். நடுநாயகமாக ஹரிகிருஷ்ணன். ஏதோ ஒரு சங்கத்தில் கணக்கர். ஆயுத பூஜைக்கு பஸ்ஸுக்கு மாலை வாங்கி வருவது அவர். கண்டக்டர் இசக்கிமுத்து வீட்டுக் காதுகுத்துக்கு எல்லோரையும் திரட்டிக்கொண்டு போனது அவர். வெங்கடேஸ்வரி காய்ச்சலில் படுத்தபோது, ஆளைக் காணோமே என்று போன் போட்டு விசாரித்த ஒரே ஜீவனும் அவர்தான்.

வெங்கடேஸ்வரிக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். கட்டினவன் திருப்பூரில் வேறு குடித்தனம் வைத்துப் பல வருஷமாகிறது. போன வருஷம் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டுக்குள் தாய்மொழித் தெலுங்கில் பேச ஆள் இல்லை. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போன் பண்ணுகிற பெண்ணிடம், "அங்கே மழையாம்மா? சாப்பிட்டியா?" என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வேண்டாம் என்பாள். அந்தப் பெண்ணும் ஒரு கட்டத்தில் போனை வைத்துவிடுவாள்.

ஆக, ஒரு நாளைக்கு அவளுக்கு வாய்த்த மனுஷ சகவாசம் என்பது அந்த பஸ்தான். அந்த ஜன்னலோரம்தான்.

பஸ் ஊரைத் தாண்டியதும் ஹரிகிருஷ்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பார். "இன்னைக்கு என்ன வந்திருக்கு பாப்போம்!"

ஆரம்பத்தில் எல்லாம் புருஷன் பெண்டாட்டி ஜோக்குகள். பிறகு வேதக்காரர்களை, அதாவது கிறிஸ்தவர்களைப் பற்றிய ஜோக்குகள். பிறகு ஜோக் மட்டும் கழன்று விழுந்துவிட்டது. இவனுக நம்ம ஆளுகளைக் காசு குடுத்து வளைக்கானுக. இவனுகளை ஊரை விட்டே கிளப்பணும். கிளம்பலைன்னா கிளப்பி விடணும். படிக்கிற குரல் மட்டும் மாறவில்லை. அதே குழைவு, அதே இழுப்பு. அதனால் கேட்கிறவர்களும் பழைய இடத்திலேயே சிரித்தார்கள்.

டீச்சர் கனகலட்சுமி ஒரு தடவை, "போதும்ண்ணே, பாவம்" என்றாள்.

"ஏன் டீச்சர், ஒங்களுக்கும் தலையில தண்ணி தெளிச்சிட்டாங்களா?"

பஸ்ஸே அதிர்ந்தது. டீச்சர் அதற்கப்புறம் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டே வருவாள்.

அதே பஸ்ஸில் ஸ்வீட்லின் என்று ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வெங்கடேஸ்வரிக்கு எதிர்த்த வீடு. முதலில் இவர்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு டிரைவர் பக்கம் போனாள். பிறகு அந்த பஸ்ஸிலேயே வருவதை விட்டுவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு ஸீட் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஒரு மழை நாள். ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. ஹரிகிருஷ்ணன் திரும்பினார்.

"என்ன தங்கச்சி, நீ மட்டும் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறே? அந்த லேப் பிள்ளை ஒன் தெருதானே?"

எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. இத்தனை முகங்கள் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! ஏதாவது சொல்லியே ஆக வேண்டும்.

"ஆமாண்ணே, எதிர்த்த வீடு. வெள்ளிக்கிழமை ஆனாப் போதும். ஏழு மணிக்கு ஜெபம்னு ஆரம்பிச்சிருவாங்க. ஒரே பாட்டு, கைத்தட்டல். நிம்மதியா ஒரு விளக்கேத்த முடியலை."

"அடப் பாவமே!" என்றது கூட்டம். அந்தப் 'பாவமே' அவளுக்கு இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. "அவ அப்பா வில்சன் பாடுவாரு பாருங்க, எருமை தொண்டை கட்டிக்கிட்ட மாதிரி!"

விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெங்கடேஸ்வரி ஒரு பஸ்ஸைச் சிரிக்க வைத்துவிட்டாள். காது மடல் சூடாகியது.

"இதுக்கெல்லாம் ஒரு தீக்குச்சி செலவுதான் தங்கச்சி" என்றார் ஹரிகிருஷ்ணன். அதற்கும் சிரிப்பு.

படிக்கட்டில் விஜயபாண்டி நின்றுகொண்டிருந்தான். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். எப்போதும் காதில் ஹெட்போன், யாரோடும் பேச்சில்லை. அன்றைக்கு அதைக் கழற்றினான்.

"எந்தத் தெருக்கா அது?"

சொன்னாள். எத்தனாவது வீடு என்பதையும் சொன்னாள்.

உண்மை என்ன தெரியுமா? வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வெங்கடேஸ்வரி டி.வி.யை அணைத்துவிடுவாள். சேரை இழுத்து வாசல் ஜன்னலை ஒட்டிப் போட்டுக்கொள்வாள். வில்சன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். மூன்றாவது அடியில் கட்டாயம் சுருதியை விட்டு விலகுவார். பிள்ளைகள் கிளுக்கென்று சிரிக்கும், யாரோ அதட்டுவார்கள், பாட்டு மறுபடி சேர்ந்துகொள்ளும். அந்த வீட்டின் வெளிச்சமும் இரைச்சலும் ரோட்டைத் தாண்டி அவள் மடி வரைக்கும் வரும். வாரம் முழுக்க அவள் வீட்டுக்குள் நுழைகிற மனுஷச் சத்தம் அது ஒன்றுதான். ஆனால், 'எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும்' என்று சொன்னால் பஸ் சிரிக்குமா? 'அடப் பாவமே' என்று யாராவது சொல்வார்களா?

அடுத்த வெள்ளிக்கிழமை.

பாட்டு பாதியில் இருந்தது. வெங்கடேஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு பைக் தெருவுக்குள் வந்தது, வேகம் குறைந்தது. கண்ணாடி உடைகிற சத்தம். பிறகு 'புஸ்' என்று எதுவோ மூச்சு விட்டது. பாட்டு அப்படியே அலறலாக மாறியது. பைக் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் பறந்தது.

திரைச்சீலை எரிந்துகொண்டிருந்தது. ஜனங்கள் பின்வாசல் வழியாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வில்சன் கடைசியாக வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி, அவை யாருடையவோ என்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்தார். ஆம்புலன்ஸ் அவரை மதுரைக்குக் கொண்டுபோனது.

வீடியோவை விஜயபாண்டியே ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தான். எரிகிற ஜன்னல். பின்னால் அவன் குரல்: "இனிமே இந்தத் தெருவுல நிம்மதியா விளக்கேத்தலாம்."

வெங்கடேஸ்வரி போனைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அது அவளுடைய வார்த்தை. அச்சுப் பிசகாமல் அவளுடைய வார்த்தை.

மறுநாள் விஜயபாண்டியைப் பிடித்துவிட்டார்கள். பஸ் ஊரைத் தாண்டிய பிறகு ஹரிகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார்.

"பய இப்படிப் பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்? நாம பேசினது விளையாட்டுக்கு. யார் வந்து கேட்டாலும், நாம இந்த பஸ்ஸுல பால்கோவா விலையைப் பத்தித்தான் பேசிக்கிட்டு வருவோம். என்ன?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பழக்க தோஷம், வெங்கடேஸ்வரியின் உதடும் விரிந்தது. சட்டென்று கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்வீட்லின் வந்தாள். அப்பாவுக்கு மாற்று வேஷ்டி எடுக்க மதுரையிலிருந்து வந்தவள், கரிப்பிடித்த கையோடு இந்த வாசலில் நின்றாள்.

"அக்கா, அந்தப் பையன் இந்தத் தெருக்காரனே இல்லை. எங்க வீட்ல வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஜெபம்னு அவனுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"தெரியலையேம்மா."

ஸ்வீட்லின் தலையாட்டினாள். போகத் திரும்பியவள் நின்றாள். "அப்பாவுக்கு நேத்துதான் பேச்சு வந்துச்சு. எதிர்த்த வீட்டம்மா தனியா இருக்காங்களே, புகை உள்ளே போயிருக்குமே, நல்லா இருக்காங்களான்னு கேட்டாங்க."

கதவைச் சாத்தியது வெங்கடேஸ்வரியா, கதவே சாத்திக்கொண்டதா தெரியவில்லை.

சாயங்காலம் ஹரிகிருஷ்ணன் வந்தார். முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் வருகிறார். சுற்றிலும் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, வீடு இம்புட்டு அமைதியாக் கெடக்கு?" சேரில் உட்கார்ந்தார். ஜன்னலோரம் கிடந்த சேர். "நாளைக்கு எஸ்.ஐ. அம்மா நம்ம பஸ்காரங்களை விசாரிக்காங்களாம். அந்தப் பய என் பேரைச் சொல்லிட்டான். நீ ஒண்ணும் கேக்கலை. தூங்கிட்டு வருவே. அம்புட்டுத்தான்."

"நீங்க தீக்குச்சின்னு சொன்னீங்கண்ணே."

சிரித்தார். "சொன்னேன். தெருவைச் சொன்னது யாரு? நேரத்தைச் சொன்னது யாரு? நான் உள்ளே போனா நீயும் கூடத்தான் வரணும். அங்கே எல்லாம் ஜன்னலோரம் குடுக்க மாட்டாங்க, பாத்துக்கோ."

அவர் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினார். இப்போது குரலில் பழைய குழைவு.

"நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்? ஒனக்குன்னு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? நாங்கதானே."

மிரட்டியதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். இதைத்தான் தாங்க முடியவில்லை, ஏனென்றால் இதில் பொய் எதுவும் இல்லை. வாயைத் திறந்தால் பஸ்ஸில் அந்த நாலு வரிசையும் போய்விடும். அதற்கப்புறம் இந்தச் சுவர், இந்தப் பாத்திரம், கிரெடிட் கார்டு பெண். வேறு யார்?

எஸ்.ஐ. செல்வலட்சுமி சின்ன வயசு. மறுநாள் ஸ்டேஷனில் டீச்சருக்கும் சமுத்திரத்துக்கும் அப்புறம் வெங்கடேஸ்வரியைக் கூப்பிட்டாள். முன்னால் வந்தவர்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடிவிட்டுப் போயிருந்தார்கள்.

"நீங்களும் தூங்கிட்டுத்தான் வந்தீங்களா?" கேள்வியில் அலுப்பு.

"இல்லை மேடம். முழிச்சிக்கிட்டுத்தான் வந்தேன்."

எஸ்.ஐ. நிமிர்ந்தாள்.

வெங்கடேஸ்வரி சொன்னாள். ஹரிகிருஷ்ணன் படித்தது, தீக்குச்சி, விஜயபாண்டி ஹெட்போனைக் கழற்றிக் கேட்டது. நடுவில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"இந்தப் பேச்சு எவ்வளவு நாளா நடக்குது?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"யாருமே நிறுத்தச் சொல்லலையா?"

"டீச்சர் ஒரு தடவை சொன்னாங்க. நாங்க சிரிச்சோம்."

"சிரிச்சோம்னு எழுதவா?"

"எழுதுங்க மேடம். பொறவு, தெருவையும் நேரத்தையும் சொன்னது நான். சத்தம் தாங்கலைன்னு சொன்னது பொய். எனக்கு அந்தப் பாட்டுன்னா இஷ்டம். அதையும் எழுதுங்க."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தாள். "வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்கிறீங்க. இது உங்க தலையில வந்து விடியும்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்தபோது டீச்சர் கனகலட்சுமி மரத்தடியில் நின்றிருந்தாள். உள்ளே நேரமானதிலேயே விஷயம் புரிந்திருக்க வேண்டும். இவளைப் பார்த்ததும் குடையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் ஹரிகிருஷ்ணனைக் கைது செய்தார்கள். வெங்கடேஸ்வரியையும் மறுபடி மறுபடி கூப்பிட்டு விசாரித்தார்கள். மதுரைக்குப் போய் ஸ்வீட்லினிடம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். ஸ்வீட்லின் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி கேட்டாள். "அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டாள்.

வேலைக்குப் போகாமல் முடியுமா? மறுவாரம் அதே பஸ். பின் வரிசைகளில் எல்லோரும் இருந்தார்கள். அவள் ஏறியதும் பேச்சு நின்றது. அவள் முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஊரைத் தாண்டியது. சமுத்திரம் போனை எடுத்தார்.

"ஹரி அண்ணாச்சி இல்லைன்னு நாம ஊமையா வரணுமா என்ன? இதைக் கேளுங்க, புதுசா வந்திருக்கு."

இந்தத் தடவை வேறு ஜனங்களைப் பற்றி. இழுப்பு மட்டும் அதே இழுப்பு. இரண்டு பேர் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"சமுத்திரம் அண்ணே, படிக்காதீங்க" என்றாள் வெங்கடேஸ்வரி.

"யாரும்மா அது? கேக்க இஷ்டமில்லேன்னா காதைப் பொத்திக்கோ. இல்லே, ஸ்டேஷனுக்குப் போயி எழுதிக் குடு. ஒனக்குத்தான் வழி தெரியுமே!"

பலத்த சிரிப்பு. சமுத்திரம் தெம்பாகத் தொடர்ந்தார். அடுத்த வரி முதல் வரியைவிட மோசம்.

"இசக்கிமுத்து அண்ணே, விசில் அடிங்க. எறங்கணும்."

"இங்கேயா? மாந்தோப்பும்மா இது!"

"அடிங்க."

விசில். பஸ் குலுங்கி நின்றது. வெங்கடேஸ்வரி ஒரு காலைத் தரையில் வைத்தாள். இன்னொரு காலைப் படியிலிருந்து எடுக்கவில்லை.

"எறங்கும்மா."

"அவரு போனை உள்ளே வைக்கட்டும், எறங்குதேன். இல்லேன்னா போனை உள்ளே வைக்கட்டும், மேலே ஏறுதேன். ரெண்டுல எதுன்னாலும் போன் உள்ளே போகணும்."

"ஏட்டி, பைத்தியமா ஒனக்கு?" என்று ஒரு குரல். "தள்ளி விடுய்யா அவளை!" என்று இன்னொன்று. டிரைவர் இஞ்சினை உறும விட்டார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. வெங்கடேஸ்வரி கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கடைசியில் நடுவரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். "அண்ணாச்சி, அந்தச் சனியனை மூடித் தொலைங்க. ஆபீஸ் மெஷின்ல ரேகை வைக்க நேரமாயிருச்சுன்னா அரை நாள் லீவு போயிரும்!"

"ஆமாண்ணே, வைங்க."

சமுத்திரம் முறைத்தார். ஜனங்கள் அவரை முறைத்தார்கள். நியாயத்துக்காக இல்லை, ஆபீஸுக்காக. போன் பைக்குள் போயிற்று.

வெங்கடேஸ்வரி மேலே ஏறினாள். இசக்கிமுத்து அவள் முகத்தைப் பார்க்காமல் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. அவளைச் சுற்றி நின்றவர்கள் மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டார்கள். கூட்ட நெரிசலில் அவள் நின்ற இடம் மட்டும் விசாலமாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிற வரைக்கும் பஸ்ஸில் யாரும் எதுவும் படிக்கவில்லை.