மீதி பன்னிரண்டு

"ஒம்பது மாசம் கண்ணை மூடிக்கிட்டே நாப்பது பேரைச் சிப்பாயாக்கினவன்ட்டி நான்!"

காலையில் வன்னியராஜ் மார்தட்டியது இதைத்தான். "ஒத்தக் கண்ணாவது தொறந்திருப்பிய. புளுகுக்கு ஒரு அளவு வேண்டாமா?" என்று மனைவி பேச்சி தோசையைத் திருப்பினாள். சிரித்தார். சிரித்தபடியே நாற்காலியில் சரிந்தார்.

இப்போது அவர் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையில்லாத வீடு. ஆரியசாலைக் கடைக்காரர்கள் நாலு பேர், பக்கத்து வீட்டு அம்மிணி. அவ்வளவுதான் கூட்டம்.

ராணுவத்தில் பயிற்சி கொடுத்தபோது, பையன்கள் தண்டால் எடுக்கையில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாராம். எண்ணிக்கையை அவனவனே சொல்ல, அப்படியே நோட்டில் எழுதுவாராம். "ஆள் பாக்கும்போது எவனும் வீரன்தான்ட்டி." கடைசிப் பரீட்சையில் அந்த நாற்பது பேர்தான் முதலிடமாம். கொடிக்கம்பத்துக் காக்கைகூட விறைப்பாக நிற்குமாம்.

நாற்பது வருஷமாகக் கேட்ட கதை. அவர் காதில் கடைசியாக விழுந்தது புளுகு என்ற சொல். அந்தக் கதை நிஜமாகவே புளுகாக இருந்துவிட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மூன்று மணிக்குத் தொப்பையும் நரைத்த மீசையுமாக ஒருவர் வந்து, பிணத்துக்கு விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"ஆனந்தகிருஷ்ணன், சேச்சி. வித்துராவுல இருந்து வரேன். சாரோட பழைய ரெக்ரூட்டு."

"இத்தனை வருசம் கழிச்சும் எதுக்கு இப்பிடிக் கண்ணு கலங்குது?" என்று கேட்டாள் பேச்சி.

"ஒரு நாள் அறுபது தண்டால். நாப்பத்தெட்டுல கை விட்டுப்போச்சு. அறுபதுன்னு சொன்னேன். சார் திரும்பவே இல்ல கேட்டோ. அறுபதுன்னு எழுதினாரு. திட்டியிருந்தா மறந்திருப்பேன். பொறவு இருபத்தெட்டு வருஷம், பனிமலையில தனியாக் காவல் நின்னப்பகூட நான் கண்ணசந்ததில்ல. ஆனா இதைச் சார்கிட்டச் சொல்ல மட்டும் தைரியம் வரல."

ஆனந்தகிருஷ்ணன் தன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மீதி பன்னெண்டு இருக்கு, சேச்சி."

தரையில் கை ஊன்றினார். கடைக்காரர்கள் வாய்பிளந்தார்கள். பேச்சி சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

ஒண்ணு. ரெண்டு. ஏழுக்கு மேல் மூச்சு துருத்தி போல இரைந்தது. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஒரு முழம் பூ கட்டிவிடலாம், அத்தனை நேரம். அவள் திரும்பவில்லை.

பன்னெண்டு.

அடுக்களையிலிருந்து கட்டன்சாயாவோடு வந்த அம்மிணி அவள் காதருகே குனிந்தாள். "நெசமா பன்னெண்டும் எடுத்தாரா? நீங்க பாத்தியளா, சேச்சி?"

"எடுத்தாரு. நான் பாக்கல."

தெருவில் மயான வண்டி வந்து நின்றது.

"இவுகளும் அன்னிக்குப் பாக்கலதான், அம்மிணி" என்றாள் பேச்சி.