உஜ்ஜயினியின் ஓட்டை

பத்மாவதியின் ஃபவுண்டரியில் எதற்கு வேண்டுமானாலும் மன்னிப்பு உண்டு, ஓட்டைக்குக் கிடையாது. தாமதமாக வந்தால் ஒரு முறைப்பு, சொல்லாமல் லீவு போட்டால் ஒரு முணுமுணுப்பு, அதோடு சரி. வார்ப்பில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்துவிட்டால் மட்டும் கணபதி பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் குரல் கேட்கும். உருகிய இரும்பு ஆறும்போது காற்று குமிழிட்டு ஓட்டை விழுவது உலக வழக்கம். அதை அடைத்துவிடுவது கோயமுத்தூர் வழக்கம். அந்த ஐப்பசியில் ஒரு பம்பு கம்பெனி லோடோடு சரக்கைத் திருப்பி அனுப்பியதிலிருந்து சட்டம் இன்னும் இறுகிவிட்டது.

“ஓட்டைன்னு கண்ணுல பட்டா என்னையும் கேக்க வேண்டாம், ஆரையும் கேக்க வேண்டாம். பட்டி வெச்சு அடைச்சுப்போட்டு மறு வேலையப் பாருங்க” என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தாள். இரும்புப் பொடி கலந்த பட்டியை அப்பி, காய்ந்ததும் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு நடந்த சண்டைக்கு இருபத்தைந்து வருஷம் ஆவதால் காரமடையில் ஒரு நினைவுச் சின்னம் வைக்க ஊர்க் கமிட்டி முடிவு செய்திருந்தது. அந்தச் சண்டையில் செத்த காரமடைக்காரர் ஒரே ஒருவர், பத்மாவதியின் புருஷன் வேங்கடசாமி. ‘உஜ்ஜயினி’ என்ற குரூசர் ரகப் போர்க்கப்பலில் கொதிகலன் அறையில் வேலை பார்த்தவர். அந்தக் கப்பலையே இரும்பில் வார்த்துத் தருகிறேன், சிமெண்டு மேடை மட்டும் நீங்கள் கட்டுங்கள் என்று பத்மாவதி சொல்லிவிட்டாள்.

கமிட்டிக்கு அது நினைவுச் சின்னம். அவளுக்கு அது பதில்.

ஏனென்றால் வேங்கடசாமியின் உடல் ஊருக்கு வரவில்லை. கடலிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். உடல் வராத சாவை நம்ப ஊருக்கு மனசு வரவில்லை. “நாங்களென்ன கண்ணால பாத்தமா? பம்பாய்ல இன்னொரு குடும்பம் இருந்தாலும் இருக்கும்” என்று முதலில் வாயைத் திறந்தவர் வேறு யாருமில்லை, வேங்கடசாமியின் கூடப்பிறந்த அண்ணன் சீனிவாசலு. அந்தத் தெலுங்குக் குடும்பத்து வழக்கப்படி பத்மாவதி ‘பாவா’ என்று அழைக்கும் மனிதர். அண்ணனே சொன்ன பிறகு ஊருக்கு வேறென்ன வேண்டும்? பென்ஷன் வருகிறதே என்றால், சர்க்காரையே ஏமாற்றிவிட்டான் என்றார்கள். கல்யாணம், சீர் என்றால் செத்தவன் பொண்டாட்டி என்று அவளை ஒதுக்கினார்கள். முதுகுக்குப் பின்னால் ஓடிப்போனவன் பொண்டாட்டி என்று சிரித்தார்கள். இரண்டில் ஒன்றையாவது முடிவு செய்திருக்கலாம்.

நடந்ததைப் பார்த்தவர் ஒருவர் உண்டு. கோட்டைமேட்டு அப்துல் கையூம், வேங்கடசாமியோடு அதே கப்பலில் இருந்தவர். வலது முழங்கை முதல் விரல்வரை தோல் வெந்து சுருங்கிப்போய், ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் கிடந்துவிட்டுக் காரமடைக்கு வந்து சொன்னார். கூட்டாளிக்காகப் பொய் சொல்கிறான் என்று ஊர் அவரையும் கழித்துவிட்டது. அவர்தான் இப்போது வார்ப்புக்கு மரத்தில் அச்சு செதுக்கும் கடை வைத்திருக்கிறார். கப்பலுக்கு அச்சும் அவருடையதே. கட்டில் நீளத்துக்கு, பீரங்கி, புகைபோக்கி எல்லாம் வைத்து, தேக்கில் செதுக்கி ஃபவுண்டரி ஆபீசில் கொண்டுவந்து இறக்கினார். இடப்பக்க வயிற்றில், தண்ணீர் மட்டம் வரும் இடத்தில், தேங்காய் அளவுக்கு ஓர் ஓட்டை. விளிம்பெல்லாம் உள்நோக்கிக் கிழிந்து மடங்கியிருந்தது.

கமிட்டித் தலைவர் குமாரசாமி பார்க்க வந்தார். மில் முதலாளி, பக்திமான், அதிர்ந்து பேசாதவர். ஓட்டையைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான்.

“ஏனுங்க அம்மணி, இது என்னங்க இப்படி? பின்னமான சிலையக் கோயில்லயே வெக்க மாட்டாங்க, ஆத்துல விட்டுருவாங்க. ஊர் முகப்புல, அதுவும் ரங்கநாதர் தேர் திரும்பற எடத்துல, ஓட்டக் கப்பலுங்களா?”

“சிலையா இருந்தா விட்டுருங்க. இத ஆத்துல விட்டாலும் முழுகாதுங்க. ஓட்டையோட முழுகாமத்தான் கரைக்கு வந்துச்சு” என்றாள் பத்மாவதி. “அண்ணா, அவருக்குச் சொல்லுங்க.”

கையூம் வெந்த கையை மேஜைமேல் வைத்தார். “வெள்ளைக்காரன் அவன் சண்டைக்குக் கட்டி, ஓட்டி முடிச்சு, நம்மளுக்கு வித்த கப்பலுங்க. எங்களுக்கு முன்னாடியே கிழடாப் போச்சு. ஆனா ஓட்டம் கொறையல. சண்டைல ரெண்டு குண்டு விழுந்துச்சு. மொதக் குண்டு மேல கொடிக் கம்பத்த அடிச்சுது. ரெண்டாவது கொதிகலன் அறை ஓரத்துல, இதா இந்த எடம். தண்ணி உள்ள பாயுது. மெத்தையெல்லாம் சுருட்டித் திணிச்சு, மேல கட்டய முட்டுக் கொடுத்து, ஆப்பு அடிச்சு நிறுத்தணும். நானும் வேங்கடசாமியும் நின்னோம். அப்பப் பாத்து நீராவிக் கொழாய் வெடிச்சிருச்சு. என்ற கை போச்சு. மேல வாடான்னு கத்துனேன். ‘ஆப்பு இன்னும் எறங்கல, நீ போ’ன்னான். ஆப்பு எறங்குச்சுங்க. அவன் வரல.”

கையூம் கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி பேசினார்.

“கப்பல் ஒரு பக்கமாச் சாஞ்சுட்டே வந்து சேந்துச்சு. நான் ஆஸ்பத்திரில இருந்து போயிப் பாத்தா, தகடு வெச்சு அடைச்சுப் பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்காங்க. எங்க நின்னோம்னு எனக்கே எடம் தெரியலீங்க. அப்புறம் கப்பலயே ஒடச்சு எடைக்குப் போட்டுட்டாங்க.”

குமாரசாமி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நல்ல மனிதர்தான். ஆனாலும் சகுனத்துக்கும் இரக்கத்துக்கும் நடுவில் பேரம் பேசத் தெரிந்தவர். ஓட்டை இருக்கிற பக்கம் சுவரைப் பார்த்து நிற்கட்டுமே என்றார்.

“ரோட்டப் பாத்துத்தானுங்க நிக்கும். ஓட்டை இல்லீன்னா கப்பலே இல்லீங்க. இத ஒடச்சு அடுப்புல போட்டுட்டு நான் பம்பு ஊத்திக்கறேன்.”

கடைசியில் அவர் இறங்கி வந்தார். திரையை மட்டும் தன் மருமகள் விலக்கட்டும், சுமங்கலி கை படட்டும் என்று கேட்டுக்கொண்டார். பத்மாவதி அதற்குச் சரியென்றாள். திரையைப் பிடித்து இழுக்கும் ஆசை அவளுக்கு இல்லை. ஊர் அந்த ஓட்டையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வார்ப்பு அருமையாக வந்தது. அச்சைப் பதித்த மண்ணை உதறி எடுத்தபோது கிழிந்த விளிம்புகூட அச்சு அசலாக இருந்தது. மறுநாள் அவள் ஒரு சொந்தக்காரர் காரியத்துக்காக உடுமலைப்பேட்டைக்குப் போகவேண்டி வந்தது. விழாவுக்கு அங்கிருந்தே நேராக வந்துவிடுவதாகச் சொல்லிப் போனாள். போகும்போது, ஓட்டையைத் தொடாதீர்கள் என்று பெயிண்டுப் பக்கம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. தன் நெஞ்சில் அத்தனை வருஷமாக இருக்கும் ஓட்டை எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

காரமடையில் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. மேடைமேல் வெள்ளைத் துணி போர்த்திக் கப்பல் நின்றது. பந்தலில் முன்வரிசையில் சீனிவாசலு அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்திருந்தார், தியாகியின் அண்ணன் அல்லவா. பத்மாவதி செருப்பைக் கழற்றுவதற்குள் கையூம் வேகமாக வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“தங்கச்சி, துணிக்குள்ள கையவிட்டுப் பாத்தேன். ஓட்டையக் காணம்.”

நேராகக் குமாரசாமியிடம் போனாள். “வாக்குக் குடுத்துட்டு இப்படிச் செஞ்சுபோட்டீங்களே!”

“அய்யோ, ரங்கநாதர் சத்தியமா நானில்லீங்க” என்று அவர் இரண்டு கையையும் தூக்கினார். பொய் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. கூடவே ஒரு நிம்மதியும் தெரிந்தது. “ஆரு செஞ்சாங்களோ போங்க, பெருமாளே அடைச்சுட்டாருன்னு நெனச்சுக்கலாமுங்க. நல்ல நேரம் போயிட்டிருக்குது.”

அப்போதுதான் ஃபவுண்டரி ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து சின்னாத்தாள் ஓடி வந்தாள். ஃபவுண்டரி தொடங்கிய நாளிலிருந்து பட்டி வைத்துப் பெயிண்ட் அடிப்பவள். புதுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். முகம் பெருமையில் பளபளத்தது.

“அம்மா, நான்தானுங்க! நீங்க ஊருக்குப் போன பொறவு பாக்கறேன், வவுத்துல இத்தாம்பெரிய ஓட்டை. மண்ணு சரிஞ்சு வார்ப்பு கெட்டுப்போச்சாட்டம் இருக்குதுன்னு பதறிப்போனனுங்க. அய்யாவோட கப்பல்ல ஓட்டையா? எம் பொழப்பத் தூக்கி அக்கட்டால வெச்சுட்டு ஒக்காந்து அடைச்சனுங்க. கண்டுபிடிக்கவே முடியாதுங்க!”

பத்மாவதி திட்ட வாயைத் திறந்தாள். யாரைத் திட்டுவது? சட்டம் போட்டது அவள். தொண்டை கிழியக் கத்திக் கற்றுக் கொடுத்தது அவள். தன் வாயாலேயே புருஷன் செத்த இடத்தை மூடியதும் அவள்.

“விடுங்க அம்மணி” என்றார் குமாரசாமி மெதுவாக. “கப்பல் முழுசா நின்னா அவருக்கும் கௌரவந்தானுங்க. அடுத்தாப்ல பாத்துக்கலாம்.”

அடுத்தாப்பில் என்பது எப்போது என்று அவளுக்குத் தெரியும். முன்வரிசையைப் பார்த்தாள். சீனிவாசலு பக்கத்தில் இருந்தவரோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். முழுக் கப்பல், அடிபடாத கப்பல். அடிபடாத கப்பலில் எவன் செத்தான் என்று நாளைக்கே டீக்கடையில் கேட்பார்கள்.

“சின்னாத்தா, சுத்தியும் உளியும் எடுத்துட்டு வா.”

சின்னாத்தாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து அழுகை வந்தது, ஆனால் ஓடிப்போய், கப்பலை மேடையில் போல்ட்டு போட்டு இறுக்கியவர்கள் விட்டு வைத்திருந்த சாமான்களிலிருந்து இரண்டையும் எடுத்துவந்தாள். பத்மாவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறினாள். ரிப்பன் கட்டிய தட்டோடு நின்ற குமாரசாமியின் மருமகள் தானாகவே ஒதுங்கி வழிவிட்டாள். பத்மாவதி துணியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

மேளம் நின்றது. “தாலியறுத்தவ கையாலயா?” என்று ஒரு கிழவர் குரல் தெளிவாகக் கேட்டது. கேட்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

கப்பல் சாம்பல் நிறத்தில் வழவழவென்று நின்றது. இடப்பக்கம் குனிந்து பார்த்தாள். தடவிப் பார்த்தாள். சின்னாத்தாள் சொன்னது சத்தியம், கண்டுபிடிக்கவே முடியவில்லை. இவளே பழக்கிய கை அல்லவா! கையூமும் ஏறிவந்து பார்த்தார். “அன்னிக்கும் இப்படித்தான், எனக்கு எடம் தெரியல தங்கச்சி” என்றார்.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

நல்ல வார்ப்பைத் தட்டினால் கோயில் மணிபோலச் சத்தம் வரும். பட்டி வைத்த இடம் பூசணிக்காய்போல மொத்தென்னும். வாங்க வருபவர்கள் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்தே அவள் பாதி வாழ்க்கையைக் கழித்திருக்கிறாள். முன்மூக்கிலிருந்து தட்டத் தொடங்கினாள். கணீர். ஒரு சாண் தள்ளி, கணீர். பந்தலில் பேச்சு அடங்கிவிட்டது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள்கூட ரோட்டைத் தாண்டி வந்து நின்றார்கள். கணீர். கணீர்.

மொத்.

அவள் உளியை வைத்து அடித்தாள். சின்னாத்தாளின் வேலை லேசில் விடவில்லை. நாலு அடிக்கு ஒரு சில்லு தெறித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது, நிறுத்தவில்லை. கையூம் உளியை வாங்க நீட்டிய கையைத் தள்ளிவிட்டாள். கடைசியில் பெரிய துண்டு ஒன்று உடைந்து கப்பலுக்குள் விழுந்து உருண்டது. கிழிந்து மடங்கிய விளிம்பு வெளியே தெரிந்தது.

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். மைக்கை யாரும் நீட்டவில்லை, அவளுக்குத் தேவையும் இல்லை.

“நல்லாப் பாத்துக்குங்க. என்ற ஊட்டுக்காரர் செத்த எடம் இதுதானுங்க. பம்பாய் இல்லீங்க. இந்த ஓட்டைய அடைச்சு, கப்பலயும் அதுல இருந்த ஆளுகளயும் கரை சேத்துட்டுத்தான் செத்தாரு. ஓட்டை விழுகாத கப்பல ஆரு வேணும்னாலும் வெச்சுக்கலாம். இது ஓட்டை விழுந்தும் முழுகாத கப்பலுங்க. இனி இத ஆராச்சும் அடைச்சா, நான் மறுபடி சுத்தியோட வருவேன்.”

சின்னாத்தாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே மேடைக்குக் கீழே வந்து நின்றாள். “அம்மா, தப்பு நடந்துபோச்சுங்க. ஓரம் துருப்பிடிச்சுக்குமே, பெயிண்டாச்சும் அடிக்கட்டுங்களா?”

“அடி. பட்டி டப்பாவ எடுத்தே, கைய ஒடிச்சுப்போடுவேன்” என்றாள் பத்மாவதி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. சீனிவாசலு எழுந்தார். அங்கவஸ்திரம் தோளிலிருந்து நழுவியதை அவர் கவனிக்கவில்லை. படி ஏற ஒருவர் கைகொடுக்க வந்தபோது வேண்டாமென்று தலையாட்டினார். கப்பலுக்கு முன்னால் வந்து நின்றார். பிறகு கையை மெதுவாக அந்த ஓட்டைக்குள் விட்டார், மணிக்கட்டு வரைக்கும். அவர் உதடு ‘தம்பி’ என்று அசைந்தது, சத்தம் வரவில்லை.

பத்மாவதி சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

“பாத்துங்க பாவா” என்றாள். “ஓரம் கைய அறுத்துப்போடும்.”

அவர் கையை எடுக்கவில்லை.